1684 என்று வெட்டிய வீடும் ஓதம் ஏறிய சுவரும்

எங்கள் வீட்டு வாசலின் மேற்கல்லில் 1684 என்று வெட்டியிருக்கிறது. அதையொட்டி முக்கோணமாக மூன்று எழுத்துகள். உச்சியில் ஒரு ‘பி’, அதன் கீழே இடப்பக்கம் ‘ஐ’, வலப்பக்கம் ‘எம்’. 2016-ல் வீட்டை வாங்கிய புதிதில் அது ஏதோ கல்லுடைக்கும் பட்டறையின் முத்திரை என்று நினைத்தேன். பக்கத்துப் பண்ணைக்காரர்தான் சிரித்துக்கொண்டே விளக்கினார். மேலே இருப்பது குடும்பப் பெயரின் முதலெழுத்து, கீழே இருப்பவை கணவன், மனைவி பெயர்களின் முதலெழுத்துகள். அந்தக் காலத்தில் ‘ஜே’யையும் ‘ஐ’ என்றே வெட்டுவார்களாம். ஆக அவர் ஜானோ ஜேம்ஸோ, அவள் மேரியோ மார்கரெட்டோ.

“அப்படியானால் வீட்டுக்கு 332 வயது” என்றேன் பெருமையாக.

கல்லுக்கு அவ்வளவு வயது, வீட்டுக்கு எவ்வளவு என்பது வேறு விஷயம் என்றார். கல்யாணத்தை ஒட்டி வெட்டியிருக்கலாம், பழைய வீட்டுக்குப் புது வாசல் வைத்தபோது வெட்டியிருக்கலாம், இடிந்த வேறொரு வீட்டிலிருந்துகூட வந்திருக்கலாம். அப்புறம் என்னைப் பக்கச் சுவருக்கு அழைத்துப்போய் ஒரு கோட்டைக் காட்டினார். தரையிலிருந்து கூரைவரை நேராக ஏறும் ஒரு பொருத்துக்கோடு. சுவரைச் சேர்ந்தாற்போல் கட்டியிருந்தால் கற்கள் ஒன்றின்மேல் ஒன்று மாறி மாறித்தான் அமரும், இப்படி நேர்க்கோடு விழாது. கோட்டின் எந்தப் பக்கத்தில் பெரிய, சீராகச் செதுக்கிய மூலைக்கற்கள் தெரிகின்றனவோ அந்தப் பக்கம்தான் மூத்தது, ஏனென்றால் ஒரு காலத்தில் கட்டடம் அங்கே முடிந்திருக்கிறது. எங்கள் வீட்டில் மூலைக்கற்கள் மாட்டுத்தொழுவப் பக்கம் இருந்தன. மாடுகளின் வீடுதான் பழையது, ஜானும் மேரியும் வந்து ஒட்டிக்கொண்டவர்கள்.

பழைய கல்வீடு வாங்க நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான். உள்ளே போய் அடுப்படியைப் பார்ப்பதற்கு முன் வெளியே அரை மணி நேரம் நின்று சுவரைப் படியுங்கள். முடிந்தால் மழை பெய்யும்போது நில்லுங்கள். நாங்கள் நல்ல வெயில் நாளில் பார்த்து மயங்கி வாங்கினோம்.

வீடு இருப்பது வட இங்கிலாந்தில், யார்க்ஷயர் டேல்ஸ் தேசியப் பூங்காவுக்குள், செட்டில் என்ற சிற்றூருக்கு வடக்கே, ரிப்பிள் ஆற்றுப் பள்ளத்தாக்கில். அந்தப் பகுதியில் நிலமே பிளந்து நழுவிய பெரிய பிளவுகள் ஓடுகின்றன. அதனால் ஒரு வயலில் தோண்டினால் வெளிறிய சுண்ணாம்புக்கல், சற்றுத் தள்ளித் தோண்டினால் பழுப்பு நிற மணற்கல். எங்கள் வீட்டில் இரண்டும் உண்டு. சுவரின் உடல் சுண்ணாம்புக்கல், உடைத்த வடிவத்திலேயே அடுக்கியது. மூலைகள், வாசல் நிலை, ஜன்னல் சட்டங்கள் எல்லாம் மணற்கல். அழகுக்காகச் செய்தது என்று நினைத்திருந்தேன். உண்மையில் அந்தச் சுண்ணாம்புக்கல் உளிக்கு அடங்காது, சீரான விளிம்பு வேண்டிய இடத்துக்கெல்லாம் மணற்கல்லைத்தான் தேட வேண்டும். இந்தக் கல் வேறுபாடு பிற்பாடு எங்கள் பணத்தையும் தூக்கத்தையும் தின்றது. அதற்கு வருகிறேன்.

இந்த வட்டாரத்துப் பழைய கல்வீடுகளில் பாதிக்குமேல் 1600-களின் பின்பாதியிலிருந்து 1700-கள் வரையிலான தேதிகளைச் சுமக்கின்றன என்று எனக்குத் தோன்றும். நான் எண்ணிப் பார்த்ததில்லை, நடைப்பயிற்சியில் கண்ணில் பட்டவை அப்படி. டபிள்யூ. ஜி. ஹாஸ்கின்ஸ் என்ற வரலாற்றாசிரியர் 1953-ல் எழுதிய கட்டுரையில், 1570-க்கும் 1640-க்கும் இடையே இங்கிலாந்துக் கிராமங்கள் பெருமளவில் புதுப்பித்துக் கட்டப்பட்டன என்றார். வடக்கே அந்த அலை தாமதமாக வந்தது. செட்டில் ஊருக்குள்ளேயே 1679-ல் கட்டிய ‘ஃபாலி’ என்ற மாளிகை நிற்கிறது. அந்த ஆடம்பரத்தைப் பார்த்துவிட்டு எங்கள் வாசலுக்கு வந்தால், ஜான் தன் சக்திக்கேற்பக் கொஞ்சம் காப்பியடித்திருக்கிறார் என்று தோன்றும்.

உள்ளமைப்பு எளிது. நடுவில் அடுப்புள்ள பெரிய கூடம், இங்கே ‘ஹவுஸ்பாடி’ என்பார்கள். சமையல், சாப்பாடு, கணக்குவழக்கு, சண்டை எல்லாம் அங்கேதான். பக்கத்தில் ஒரு சிறிய நல்லறை. பின்னால் வடக்குப் பார்த்த பால் அறை, கூரை பின்பக்கம் தாழ்ந்து இறங்கும் சாய்ப்புக்குள். வெயிலே படாத அந்த அறையில் கல் பலகைகள்மேல் பாலும் வெண்ணெயும் இருந்திருக்கின்றன. சுவர்கள் 60 செ.மீ. தடிமன். ஆனால் முழுக் கல் என்று நினைக்க வேண்டாம். வெளியே ஒரு கல்லடுக்கு, உள்ளே ஒரு கல்லடுக்கு, நடுவில் சில்லுக்கற்களும் மண்ணும் சுண்ணாம்பும் போட்ட நிரப்பு. ஆங்காங்கே ஒரு நீளக் கல் குறுக்கே போய் இரண்டு அடுக்கையும் பிடித்துக்கொள்கிறது.

அடுப்புக்குமேல் தடித்த ஓக் விட்டம். அதில் கண்ணீர்த் துளி வடிவத்தில் கருகிய தழும்புகள். மெழுகுவர்த்தியை அஜாக்கிரதையாக வைத்ததால் வந்தவை என்று என் கணவர் உப்புத்தாள் எடுத்துத் தேய்க்கத் தயாராகிவிட்டார். நல்லவேளை, அன்று மழை பெய்து கடை மூடியிருந்ததோ என்னவோ, தாள் கிடைக்கவில்லை. தீயோ சூனியமோ அண்டாமல் இருக்க வேண்டுமென்றே சுடரைப் பிடித்துச் சுட்ட அடையாளங்கள் இவை என்று இப்போது ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். சுடர் தற்செயலாகப் பட்டால் இவ்வளவு ஆழமான, சீரான தழும்பு விழாதாம். பழைய வீட்டில் எதையும் தேய்க்காதீர்கள், முதல் வருடத்திலாவது.

அடைத்த ஜன்னல் ஒன்றும் உண்டு. வருகிற விருந்தாளிகள் எல்லோரும் “ஜன்னல் வரிக்குப் பயந்து அடைத்தது” என்பார்கள். அந்த வரி 1696-லிருந்து 1851 வரை இருந்தது உண்மைதான். ஆனால் எங்கள் ஜன்னலின் உட்பக்கம் புகைபோக்கி ஏறுகிறது. அடுப்பை இடம் மாற்றியபோது ஜன்னல் போயிருக்கிறது, அவ்வளவுதான். நான் இப்போது விருந்தாளிகளைத் திருத்துவதில்லை.

கூரைக்கு வருவோம். ஓடு இல்லை, கல். மணற்கல்லைப் பலகை பலகையாகப் பிளந்து, ஒவ்வொன்றிலும் ஒரு துளை போட்டு, ஓக் முளையை அடித்து, ரீப்பரில் தொங்கவிட்டிருக்கிறார்கள். விளிம்பில் இருப்பவை மேசைப் பலகை அளவு, மேலே போகப் போகச் சிறுத்து, உச்சியில் கையகலம். தெற்கே ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் உள்ள கெல்ம்ஸ்காட் பண்ணைவீட்டை 1871-ல் வாடகைக்கு எடுத்த கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மாரிஸ், அங்கிருந்த கல்கூரையின் இதே வரிசையை மீன் செதிலுக்கும் பறவை இறகுக்கும் ஒப்பிட்டு எழுதியிருக்கிறார். எங்கள் ஊர்க் கூரைக்கற்கள் கனமும் பெரிதும், அதனால் சரிவு குறைவு. கல்லுக்கு ஒன்றும் ஆவதில்லை, முளைதான் உளுத்துப்போகும். ஒரு கல் நழுவினால் முளையை மாற்றி அதே கல்லை ஏற்றலாம். ஆனால் ஏறுவதற்கு முன் வௌவால் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 1981-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டப்படி வௌவாலும் அது தங்கும் இடமும் பாதுகாக்கப்பட்டவை. எங்கள் கூரையில் இருந்தன. ஒரு கோடை முழுக்க வேலை நின்றது.

சரி, ஓதம். அதாவது சுவரில் ஏறும் ஈரம்.

முதல் குளிர்காலத்தில் மேற்குச் சுவரின் உட்பக்கம் முழங்கால் உயரத்துக்கு நிறம் மாறியது. பெயிண்ட் குமிழ் விட்டது. தொட்டால் மாவாக உதிர்ந்தது, வெள்ளையாக உப்புப் பூத்தது. ஒரு நிறுவனத்தைக் கூப்பிட்டோம், பெயர் வேண்டாம். வந்தவர் இரண்டு ஊசி உள்ள கருவியைச் சுவரில் குத்தினார். அது சிவப்பு விளக்கு காட்டிக் கத்தியது. நிலத்தடி ஈரம் மேலே ஏறுகிறது, சுவரில் வரிசையாகத் துளை போட்டு ரசாயனம் செலுத்தினால் நின்றுவிடும் என்றார். செலுத்தினார்கள். புதுப் பூச்சும் பூசிக் கொடுத்தார்கள். பதினெட்டு மாதம் அழகாக இருந்தது. அப்புறம் அதே கறை இடுப்பு உயரத்தில் வந்தது.

பின்னால் தெரிந்துகொண்டவை: அந்தக் கருவி ஈரத்தை நேரடியாக அளப்பதில்லை, மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்று பார்க்கிறது. மரத்துக்கு அது சரி. சுவரில் உப்பு இருந்தால் காய்ந்திருந்தாலும் கத்தும். எங்கள் சுவருக்கு அப்பால் இருந்தது மாட்டுத்தொழுவம். முந்நூறு வருட மாட்டு மூத்திரத்தின் உப்பு சுவருக்குள் இருக்கிறது, கத்தாமல் என்ன செய்யும்? ரசாயனமும் நடுவில் சில்லும் மண்ணும் இடைவெளியுமாக இருக்கும் சுவரில் ஒரே சீராகப் பரவாது, எங்கெங்கோ போய்விடும். இதைப் போன்ற ஆள் ‘இலவசமாகப் பார்த்துச் சொல்கிறேன்’ என்று வந்தால், அவர் விற்பதும் அதே மருந்துதானா என்று முதலில் கேளுங்கள். பழைய கட்டடம் தெரிந்த, எதையும் விற்காத ஒருவருக்குக் காசு கொடுத்துப் பார்க்கச் சொல்வதுதான் மலிவு. நாங்கள் அதைத் தலைகீழாகச் செய்தோம்.

இரண்டாவதாக வந்தவர் ஒரு கொத்தனார், அறுபது தாண்டியவர். கருவி எதுவும் கொண்டுவரவில்லை. வீட்டைச் சுற்றி இரண்டு முறை நடந்தார். முதலில் தரையைக் காட்டினார். மேற்குச் சுவரோரம் வெளித்தரை உட்தரையைவிட ஒரு முழம் உயர்ந்திருந்தது. யாரோ எப்போதோ மண் போட்டு அதன்மேல் தார் ஊற்றியிருக்கிறார்கள். அப்புறம் மேலே காட்டினார். மழைநீர் இறங்கும் இரும்புக் குழாயின் பின்பக்கம், சுவரைப் பார்த்த பக்கம், துருப்பிடித்துப் பிளந்திருந்தது. முன்னால் நின்று பார்த்தால் தெரியாது. பின்பக்கம் கையை விட்டுத் தடவினால்தான் தெரியும். கடைசியாகக் கல் இடுக்குகளைத் தட்டினார். சிமெண்ட்.

சுண்ணாம்புக்கல், மணற்கல் கதை இங்கேதான் வருகிறது. எங்கள் சுண்ணாம்புக்கல் அடர்த்தியானது, தண்ணீரைக் குடிக்காது. மேற்கிலிருந்து அடிக்கும் மழை கல்லில் வழிந்து இடுக்குக்குத்தான் போகிறது. இடுக்கில் சுண்ணாம்புக் காரை இருந்தால் கொஞ்சம் உறிஞ்சும், காற்றடிக்கும்போது அதே வழியாகக் காய்ந்து வெளியேறும். சுவர் முழுவதற்கும் அந்த இடுக்குதான் வாசல். அதைச் சிமெண்டால் அடைத்துவிட்டால்? சிமெண்ட் இறுகும்போது கல்லோரம் மயிரிழை விரிசல் விடும், அதன் வழியே தண்ணீர் உள்ளே போகும், போனது திரும்பி வராது. மணற்கல் மூலைகளில் நடந்தது இன்னும் மோசம். அந்தக் கல் தண்ணீர் குடிக்கும். சிமெண்ட் வழியே வெளியேற முடியாத ஈரமெல்லாம் கல்முகத்தின் வழியே வந்து, பனியில் உறைந்து, முகத்தைப் பொருக்குப் பொருக்காக உதிர்த்துக்கொண்டிருந்தது. சிமெண்ட் கோடுகள் மட்டும் சட்டம்போல் முன்துருத்தி நின்றன. அதை ஒரு கட்டட அழகு என்றே நான் நினைத்திருந்தேன்.

எரிச்சலான விஷயம் என்னவென்றால், வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் லாங்க்ளிஃப் என்ற இடத்தில் பிரம்மாண்டமான சுண்ணாம்புச் சூளை ஒன்று இருக்கிறது. 1873-ல் கட்டிய ஹாஃப்மன் சூளை, 22 எரியறைகள், தீ ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்கு வட்டமாக நகர்ந்துகொண்டே இருக்குமாம். மலையெங்கும் சின்னச் சின்ன வயல் சூளைகள் வேறு. சுண்ணாம்பின் நடுவில் உட்கார்ந்துகொண்டு சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். மாரிஸ் 1877-ல் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் இன்றும் இந்தச் சிமெண்டைப் பற்றித்தான் சொல்லிச் சொல்லி ஓய்கிறது.

குழாயை மாற்றியது ஒரு நாள் வேலை. தாரைப் பெயர்த்து மண்ணைத் தாழ்த்தியது ஒரு வாரம். சிமெண்டை எடுத்தது ஒரு கோடை. மின்சார வெட்டுக்கருவி கூடவே கூடாது, கல்லின் விளிம்பைக் கடித்துவிடும். மெல்லிய உளியும் சுத்தியலும்தான். இடுக்கின் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு ஆழம் சுரண்ட வேண்டும். பிறகு தூசியைத் துடைத்து, தண்ணீர் தெளித்துக் கல்லை நனைத்து, காரையை உள்ளே தள்ளி அழுத்த வேண்டும். கொஞ்சம் இறுகியதும் முரட்டுப் பிரஷ்ஷால் குத்திக் குத்தி அடிப்பார்கள், அப்போதுதான் மேற்பரப்பு திறந்து கரகரப்பாக இருக்கும். கரண்டியால் வழவழவென்று தேய்த்தால் காரியம் கெட்டது. மணல் முக்கியம், சுண்ணாம்பைவிட முக்கியம் என்பார் கொத்தனார். பெரியதும் சின்னதுமாகக் கலந்த, விரல்களுக்கிடையில் நெருடுகிற மணல்.

கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் சுண்ணாம்பைத் தொடாதீர்கள். வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்புதானே என்று முதல் நாள் வெறுங்கையால் எடுத்தேன். மாலையில் விரல் நுனிகள் வெந்துபோயிருந்தன.

காரை காற்றிலிருக்கும் கரியமில வாயுவை வாங்கித்தான் இறுகும், அதற்கு ஈரம் வேண்டும், உறைபனி ஆகாது. நனைத்த கோணிச் சாக்கைத் தொங்கவிட்டு, தினமும் தண்ணீர் தெளித்து, வெயிலிலிருந்தும் காற்றிலிருந்தும் காக்க வேண்டும். செப்டம்பரோடு நிறுத்திவிடுங்கள் என்று சொல்லியிருந்தார். கடைசி இரண்டு மீட்டரை அக்டோபர் நடுவில் நாங்களே முடித்தோம். ஒரே ஓர் இரவு உறைந்தது. மார்ச் மாதம் விரலால் தொட்டபோது பிஸ்கட்போல் பொடிந்து விழுந்தது.

உள்ளே? அந்த நிறுவனம் பூசிய பூச்சை உதிர்த்துவிட்டுச் சுவரைச் சும்மா விட்டோம். ஓர் அங்குலத் தடிமன் காய ஒரு மாதம் என்பது இங்கே கைக்கணக்கு. 60 செ.மீ. என்பது 24 அங்குலம், இரு பக்கமும் காய்ந்தால்கூட ஒரு வருடம். அந்த ஒரு வருடம் கல் தெரியும் சுவரோடு வாழ்ந்தோம். பிறகுதான் சுண்ணாம்புப் பூச்சு, அதன்மேல் வெள்ளையடிப்பு. கல் பதித்த தரையில் ரப்பர் அடி உள்ள கம்பளம் போட்டிருந்தோம், அதையும் எடுத்தோம். அடியில் தண்ணீர் மினுக்கியது.

ஒன்று மட்டும் சரியாகவில்லை. கூடத்தின் வடகிழக்கு மூலையில், மேலே, கறுப்புப் பூசணம். அது மழையால் வந்ததில்லை. 2018-ல் அம்மா தஞ்சாவூரிலிருந்து வந்து ஆறு மாதம் இருந்தார். காலை ஐந்தரைக்கு இட்லிப் பானை, அப்புறம் சோறு, சாம்பார், ரசம், மழைக்காலமாதலால் துணியெல்லாம் அடுப்புக்கு முன்னால் கொடியில். “சுவர் வேர்க்குதுடி” என்று அவரேதான் கண்டுபிடித்துச் சொன்னார். யார் காரணம் என்று சொல்லும் துணிவு எங்கள் இருவருக்கும் இல்லை. ஜான் காலத்தில் இதே கூடத்தில் இதைவிட அதிகம் கொதித்திருக்கும், ஆனால் திறந்த அடுப்பு நாள் முழுக்க அறைக்காற்றை இழுத்துப் புகைபோக்கி வழியே துப்பிக்கொண்டிருந்தது. குளிர் வருகிறதென்று நாங்கள் அந்தப் புகைபோக்கியில் காற்றடைத்த பலூனைச் சொருகி மூடியிருந்தோம். பலூனை எடுத்து, மேலே மழை புகாத மூடி போட்டோம். பூசணம் பாதி குறைந்தது. பயன்படுத்தாத புகைபோக்கியை ஒருபோதும் முழுக்க அடைக்காதீர்கள்.

சட்டம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடு பாதுகாக்க வேண்டிய பழங்கட்டடங்களின் பட்டியலில் இரண்டாம் தரத்தில் உள்ளது. பட்டியலிட்ட கட்டடங்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் இந்தத் தரம்தான், எனவே அரண்மனைப் பெருமை ஒன்றும் இல்லை. ஆனால் முகப்பு மட்டுமல்ல, உள்ளே இருப்பதும் சேர்த்தி. அனுமதி இல்லாமல் கட்டடத்தின் தன்மையை மாற்றுவது குற்றம், சிவில் வழக்கு அல்ல. முன்பிருந்தவர் செய்த திருட்டு வேலைக்கும் இன்றைய உரிமையாளரிடமே சரிசெய்யச் சொல்லலாம், அதற்குக் கால வரம்பும் கிடையாது. வாங்குவதற்கு முன் வழக்கறிஞரிடம் இதைக் குறிப்பாகக் கேட்கச் சொல்லுங்கள். இரட்டைக் கண்ணாடி ஜன்னல் கேட்டோம், மறுத்தார்கள். பழைய ஜன்னலை அப்படியே விட்டு உட்பக்கம் இன்னொரு கண்ணாடிச் சட்டம் வைக்க ஒப்புக்கொண்டார்கள். உண்மையில் அதுதான் சத்தத்தையும் குளிரையும் நன்றாக அடக்குகிறது. அந்த அனுமதிக்கு விண்ணப்பக் கட்டணம் இல்லை. வரைபடம் போடுபவருக்குத்தான் செலவு.

பால் அறையின் மூலை இன்னும் ஈரம்தான். பின்னால் மலை, மலைக்குள் ஊற்று. கொத்தனார் அதைப் பார்த்துவிட்டு, பால் குளிர்ந்திருக்க வேண்டும் என்றுதானே அங்கே கட்டினார்கள் என்றார். ஊறுகாய் ஜாடிகளை மட்டும் அங்கே வைத்திருக்கிறோம். வடக்குச் சுவரின் சிமெண்ட் அடுத்த கோடைக்கு. சுண்ணாம்பு மூட்டைகளுக்குச் சொல்லியாயிற்று. ஜூன் மாதம் அம்மா மறுபடி வருகிறார், அடுப்புக்கு மேல் மாட்டப் புகை உறிஞ்சும் விசிறியும் வாங்கியாயிற்று, அதற்கும் அனுமதி கேட்டு எழுதியிருக்கிறோம்.